மிது ஒரு கிலோ இளைத்த கதை

பெப்ரவரி 24, செவ்வாய்

மிது தூங்கிவிட்டாள். மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்த்தேன், மூச்சு வருகிறது. இன்னொரு தடவையும் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

இன்று கிளினிக். மாதம் ஒருதரம் மிட்வைஃப் குமாரி மிஸ் எங்கள் பிள்ளைக்காம்பராவுக்கு வருவார். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. ஒவ்வொரு பிள்ளையாகக் கொக்கித் தராசில் தொங்கவிட்டு, கார்டில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போவார். மிது ஏழு கிலோ இருநூறு. "நல்லா இருக்கு லோஜினி. அடுத்த மாசம் இன்னும் கொஞ்சம் ஏறணும்" என்றார். "நல்லா இருக்கு" அங்கேயே நின்றுவிட்டது. "ஏறணும்" மட்டும் எங்கள் லயத்து வீடுவரை என்னோடு நடந்து வந்தது.

பின்னேரம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் என் கொழுந்தையும் நிறுத்தார்கள். மூன்று நிறுவையும் சேர்த்துப் பதினைந்து கிலோ. பதினெட்டு இருந்தால்தான் முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். மலையில் நின்றது என்னவோ முழு நாள்தான்.

"பி.ஏ. படிச்ச கையில்லியா, பேனாதான் புடிக்கும். கொழுந்து எங்க புடிக்கும்?" என்றார் கணக்கப்பிள்ளை ஞானப்பிரகாசம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் நாளைக்குக் குளவிக்கூடு இருக்கிற செடி நிரையில் என்னைப் போடுவார்.

பிள்ளையும் ஏறவில்லை, கொழுந்தும் ஏறவில்லை. இரண்டுக்கும் பொறுப்பு ஒரே ஆள்.

பெப்ரவரி 26, வியாழன்

மிது இரண்டு தடவை தும்மினாள். கொழும்பில் இருக்கும் மிதுவின் அப்பாவுக்கு மெசேஜ் போட்டேன். "மூன்றாவது தும்மலுக்கும் சேர்த்துச் சொல்" என்று பதில் வந்தது. சாப்பாட்டுக் கடையில் பரோட்டா போடுகிற மனிதருக்கு இந்த நேரத்தில் பகிடி.

மார்ச் 3, செவ்வாய்

கொளுத்தும் வெயில். புது மலைக்கு ஏறினோம். புதிய இடத்தில் முதல் பிடிக் கொழுந்தைக் கூடையில் போடும்போது "பொலி! பொலியோ பொலி!" என்று கூவ வேண்டும். கொழுந்து பொலியுமாம். என்னோடு கொழுந்து பறிக்கும் சந்தனமேரி கூவினால் எதிர்மலையில் இருப்பவர்களுக்கும் சேர்த்துப் பொலியும். அப்படியொரு தொண்டை. எனக்கு வெட்கம். முணுமுணுத்தேன்.

"ஏய் டீச்சரு, பொலின்னு சொல்லச் சொன்னா பொலிஸ்காரன்கிட்ட பேர் சொல்ற மாதிரி சொல்ற!"

ஆசிரியர் நியமனம் இன்னும் வரவில்லை. ஆனாலும் சந்தனமேரி எனக்கு எப்போதோ நியமனம் தந்துவிட்டாள்.

மத்தியானம் பால் கொடுக்கக் கீழே ஓடிப் போய்த் திரும்பி மூச்சுவாங்க ஏறினேன். என் நிரையில் பாதி பறிக்கப்பட்டிருந்தது. லயத்தில் பக்கத்துக் காம்பரா மாரியாயி அக்கா ஒன்றும் தெரியாதவர் போல ரொட்டி தின்றுகொண்டிருந்தார். என் கூடையில் இரண்டு பிடி கூடுதலாகக் கிடந்தது. கேட்டால், "காத்துல பறந்து வந்திருக்கும்" என்றார்.

அப்படியும் பதினைந்தரை.

மடுவத்தில் ஈரக் கழிவு வேறு. மழை நாளில் கொழுந்தில் தண்ணீர் இருக்கும் என்று கழிப்பது வழக்கம். இன்றோடு பத்து நாளாக மழையே இல்லை. சந்தனமேரி விடவில்லை.

"ஐயா, வானத்துல ஒரு சொட்டு இல்ல. ஈரம் எங்கருந்து வந்திச்சி?"

"ஒங்க வேர்வை" என்றார் கணக்கப்பிள்ளை, எழுதிக்கொண்டே.

"அப்ப அதையும் டின்னுல அடைச்சி ஏத்துமதி பண்ணுங்க!"

தோட்ட மேனேஜர்களான துரைமார் யாரும் பக்கத்தில் இல்லாததால் நாங்கள் தாராளமாகச் சிரித்தோம். கழிவு மட்டும் கழிவாகவே இருந்தது.

மார்ச் 9, திங்கள்

பிள்ளைக்காம்பராவிலிருந்து மிதுவைத் தூக்கி வரும்போது நேற்றைவிட லேசாக இருந்தாள். சத்தியமாக. இடுப்பிலிருந்து தோளுக்கு மாற்றிப் பார்த்தேன், அங்கேயும் லேசு. பால் ஊற என்ன சாப்பிடலாம் என்று ஃபோனில் தேடினேன். பப்பாசிக்காய், வெந்தயம், சுறா, கடைசியில் "மன அமைதி". முதல் மூன்றையாவது எங்காவது வாங்கலாம்.

மார்ச் 13, வெள்ளி

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

பின்னேர நிறுவை முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்தார்கள். நான் மிதுவைத் தூக்கிக்கொண்டு மடுவத்தின் வழியாக வந்தேன். கணக்கப்பிள்ளை சிக்னல் தேடி, ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு வாகை மரம்வரை போயிருந்தார். நான் மாரியாயி அக்காவிடம் மிது இளைத்துவிட்டாளோ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்கு அது எத்தனையாவது தடவை என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

"ஐயோ, இந்தப் புள்ள தொல்ல தாங்கல" என்றாள் சந்தனமேரி. "தராசு சும்மாதான தொங்குது. நிறுத்துப் பாத்துட்டு வாய மூடு."

"கொழுந்துத் தராசிலா?"

"ஏன், ஒன் புள்ள தங்கமா? தட்டாருகிட்டயா போவணும்?"

இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்து, நான்கு முனையையும் முடிந்து, மிதுவை அதற்குள் உட்காரவைத்து, கொக்கியில் மாட்டிவிட்டாள். மிது சிரித்தாள். எனக்கு உயிர் போய்விட்டது. கயிறு அறுந்தால் பிடிப்பதற்கு அடியில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன்.

எங்கள் மடுவத்துத் தராசின் முகம் எப்போதும் கணக்கப்பிள்ளையின் நாற்காலியைப் பார்த்துத்தான் இருக்கும். எங்களுக்கு அதன் முதுகுதான் தெரியும். அவர் சொல்வதுதான் நிறை. மாரியாயி அக்கா அதைத் திருப்பினார். நான் எட்டிப் பார்த்தேன்.

ஆறு கிலோ முந்நூறு.

மூன்று கிழமைக்குள் கிட்டத்தட்ட ஒரு கிலோ போய்விட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மிதுவைக் கழற்றிய பிறகு தராசின் முள் பூச்சியத்தையும் தாண்டிக் கீழே போய் ஒட்டிக்கொண்டது. பழைய தராசு. அதைப் பார்க்கிற நிலையிலா நான் இருந்தேன்?

மாரியாயி அக்கா மட்டும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கிளினிக் கார்டுல என்னா போட்டிருந்திச்சி?"

"ஏழு இருநூறுக்கா" என்றேன், விக்கலோடு.

அவரும் சந்தனமேரியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு நடந்ததுதான் மன்னிக்க முடியாதது. சந்தனமேரி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். என் பிள்ளை உருகிக்கொண்டிருக்கிறது, இவளுக்குச் சிரிப்பு!

"புள்ளைக்கி ஒன்னுமில்ல தங்கச்சி. போயி நிம்மதியாத் தூங்கு" என்றார் அக்கா.

எப்படித் தூங்குவது? இனி இந்த இரண்டு பேரோடும் பேசுவதில்லை.

மார்ச் 14, சனி

வேலைக்குப் போகவில்லை. இன்றைய பேர் போனால் போகிறது. முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போய்க் குமாரி மிஸ்ஸின் ஆபீஸ் வாசலில் நின்றேன். அவர் இன்னும் கதவே திறக்கவில்லை.

மிதுவை நிறுத்தார். ஏழு கிலோ நானூறு.

"நல்லா ஏறியிருக்கே! என்ன பிரச்சினை?"

நேற்று ஆறு முந்நூறு என்றேன். மிஸ் என் கண்களை, நாக்கை, கடைசியில் நகங்களைப் பார்த்தார். "பிள்ளைக்கு மருந்து வேணாம். உங்களுக்குத்தான் வேணும். இரும்புச்சத்து மாத்திரை தாறேன், ராவுல தூங்குங்க" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். ஒரே இரவில் ஒரு கிலோவுக்கு மேல் ஏற என்ன கொடுத்தேன்? நேற்று ராத்திரி கஞ்சியில் ஒரு கரண்டி நெய் விட்டேன். நல்ல நெய்தான். ஆனாலும் ஒரு கரண்டி நெய்யில்...

பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் ஒரு குவளை தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நான் பட்டதாரி. இதை எங்கும் சொல்லக் கூடாது.

காலை ஒரு நிறுவை, மத்தியானம் ஒன்று, பின்னேரம் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு கிலோவைத் தராசு விழுங்கியிருக்கிறது. பதினைந்தோடு மூன்று, பதினெட்டு.

என் கை சின்னதில்லை.

மார்ச் 15, ஞாயிறு

விடிந்ததும் மாரியாயி அக்கா காம்பராவுக்குப் போனேன். சந்தனமேரியும் அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். பேசுவதில்லை என்ற சபதம் வாசற்படியிலேயே முடிந்தது.

"தெரிஞ்சிக்கிட்டே ஏங்க்கா எங்கிட்ட சொல்லல? ஒரு ராத்திரி பூரா செத்துப் பொழச்சேன்!"

"நான் 'ஒன்னுமில்ல, தூங்கு'ன்னு சொன்னேனே."

"காரணத்தச் சொல்லலியே!"

"நீ அழுத பாரு ஒரு அழுக" என்றாள் சந்தனமேரி, "அது நெசமான அழுக. சொல்லிக்குடுத்தா வராது. அப்பிடியே பத்தரமா வச்சிருப்போம்னு விட்டுட்டோம். இன்னொரு நாளைக்கி வேணும்."

எதற்கு வேண்டும் என்று அக்கா சொன்னார். போன வருடம் தராசைப் பற்றி எல்லோரும் போய்ப் பெரியதுரையிடம் முறையிட்டிருக்கிறார்கள். கணக்கப்பிள்ளை பவ்வியமாகச் சொன்னாராம்: கொழுந்து வாடும் சேர், தண்ணி வடியும், மலையில பாரமா இருக்கிறது மடுவத்துக்கு வரக்குள்ள லேசாயிரும். துரையும் தலையாட்டிவிட்டார். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. கொழுந்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

"வெறும் தராசுல முள்ளு கீழ கெடக்கிறதக் காட்டுனா?"

"நாமதான் கை வச்சோம்னு நம்ம தலையிலயே போட்டுருவாரு." அக்கா மிதுவின் கன்னத்தைக் கிள்ளினார். "கொழுந்து வாடும். புள்ள வாடுமா? அதுவும் கவுர்மெண்டு மிஸ் எழுதிக்குடுத்த புள்ள."

திட்டம் இதுதான். அடுத்த கிளினிக் 24ஆம் தேதி, செவ்வாய். செவ்வாய்தோறும் மத்தியான நிறுவைக்குப் பெரியதுரை மடுவத்துக்கு வருவார். பிள்ளைக்காம்பரா பக்கத்திலேயே இருக்கிறது. மிஸ்ஸின் தராசில் அன்றைக்கு ஏதோ கோளாறு வரும். கோளாறு எப்படி வரும் என்று கேட்டேன்.

"அது எங்க டிப்பாட்மெண்டு. ஒனக்கு எதுக்கு? நீ அழு, போதும்" என்றாள் சந்தனமேரி.

மார்ச் 19, வியாழன்

பயமாக இருக்கிறது. பிள்ளையை வைத்து விளையாடுகிறோமா? மாட்டிக்கொண்டால் இந்த மலையில் எனக்கு நிரை கிடைக்குமா? பேர் இல்லாத மாதம் பால்மா ஏது? மிஸ்ஸை ஏமாற்றுவது பாவமில்லையா? சந்தனமேரியிடம் கேட்டேன். "ஞாயித்துக்கெழம பூசைக்கிப் போறன்ல, அப்ப சொல்லிக்கிறேன். ஒன்னையும் சேத்துச் சொல்றேன்" என்றாள்.

இன்றும் பதினைந்து. அரைப் பேர். "பேனாக் கை" என்றார் கணக்கப்பிள்ளை. முதல் தடவையாக, எனக்குச் சிரிப்பு நிஜமாகவே வந்தது.

மார்ச் 22, ஞாயிறு

கண்ணாடி முன்னால் அழுது பார்த்தேன். வரவில்லை. மிது என்னைப் பார்த்துச் சிரித்ததுதான் மிச்சம். அவள் இருமவில்லை, தும்மவில்லை. இது என்னவோ சரியில்லை என்று படுகிறது.

மார்ச் 24, செவ்வாய்

எங்கே தொடங்குவது?

குமாரி மிஸ் பாதையில் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் சந்தனமேரி ஓடிப் போய்ப் பையை வாங்கிக்கொண்டாள். "மேட்டுல தூக்கிட்டு நடக்கலாமா மிஸ், நான் எதுக்கு இருக்கேன்?" பிள்ளைக்காம்பராவில் பையைத் திறந்தால் தராசு இருக்கிறது, கொக்கி இல்லை. கொக்கி இல்லாவிட்டால் அது வெறும் சுவர்க் கடிகாரம். மிஸ் பையைத் தலைகீழாகக் கொட்டித் தேடினார். சந்தனமேரி எல்லோரையும்விட மும்முரமாகத் தேடினாள். மேசைக்கு அடியில் ஊர்ந்துகூடப் பார்த்தாள்.

"அப்ப இந்த மாசம் நிறுக்க ஏலாது" என்றார் மிஸ்.

"ஐயோ, வேலைய விட்டுட்டு வந்து நிக்கிறோமே மிஸ்!" என்றார் மாரியாயி அக்கா. "பக்கத்து மடுவத்துல பெரிய தராசு இருக்கே. நம்ம கணக்கப்புள்ள ஐயா மாட்டேன்னா சொல்லப் போறாரு?"

மிஸ் வருகிற நாளில் கணக்கப்பிள்ளை தலையில் எண்ணெய் கொஞ்சம் கூடுதலாகவே மின்னும். இன்றும் மின்னியது. "தாராளமா வாங்க மிஸ்" என்று நாற்காலியைத் துடைத்து அவருக்குப் போட்டார். தானே வாசித்துச் சொல்வதாகவும் சொன்னார்.

முதலில் மிது. படங்கில் உட்கார்ந்ததும் அவள் தன் வேலையைக் காட்டிவிட்டாள். துணி நனைந்து சொட்டியது.

கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்தார். பல வருடப் பழக்கம், வாய் தானாகத் திறந்தது.

"ஆறரை. ஈரத்துக்கு ஒன்னு கழிச்சா... அஞ்சரை."

மிஸ்ஸின் பேனா கார்டுக்கு மேலே நின்றது.

"என்ன கழிக்கிறீங்க?" என்றார் மிஸ். "பிள்ளையிலயா?"

அவ்வளவுதான். நிறுவைக்கு நின்ற அத்தனை பேரும் வெடித்துச் சிரித்தார்கள். மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. கார்டைப் பார்த்தார். "கழிக்காமலே ஆறரைதானா? பத்து நாளைக்கு முந்தி நானே நிறுத்தேன், ஏழு நானூறு."

அடுத்த பிள்ளை. ஒரு கிலோ குறைவு. அதற்கடுத்த பிள்ளை, கன்னமெல்லாம் சதையாகத் தொங்கும் குண்டுப்பயல், அவனும் ஒரு கிலோ குறைவு. மிஸ்ஸின் முகம் மாறியது. "தோட்டத்துல என்ன நடக்குது? எல்லாப் பிள்ளையும் எப்படி இளைக்கும்? நான் இப்பவே டொக்டருக்கு அறிவிக்கணும்" என்று ஃபோனை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து பெரியதுரையின் ஜீப் வந்து நின்றது. பிள்ளைக்காம்பராவுக்குத் தோட்டம் பால் கொடுக்கிறது என்று அவருடைய ஆபீஸ் சுவரில் படமே மாட்டியிருக்கிறார். பிள்ளைகள் இளைத்துவிட்டார்கள் என்றதும் அவருக்கு வியர்த்துவிட்டது.

"பால் குடுக்கிறதுதானே? எப்படி இது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இதுதான் நான் அழ வேண்டிய இடம். எனக்கு அழுகை வரவில்லை. "ஈரத்துக்கு ஒன்னு கழிச்சா" என்பதே காதில் சுற்றிச் சுற்றி வந்தது. சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. அடக்கினேன், மூக்கு வழியாக வந்தது. சட்டென்று துண்டை முகத்தில் போட்டு மூடிக்கொண்டு அப்படியே குலுங்கினேன்.

"பாருங்க தொர, பெத்தவ வயிறு எப்பிடிப் பதறுதுன்னு!" என்று சந்தனமேரி என்னை அணைத்துக்கொண்டாள். அவள் உடம்பும் குலுங்கியது.

கணக்கப்பிள்ளைக்கு விஷயம் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பிறகு மெல்ல, மிஸ்ஸுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "மிஸ்... எல்லாத்துலயும் ஒரு கிலோ கூட்டிப் போட்டுக்கங்க."

"ஏன்?"

மிஸ் குரலைத் தாழ்த்தாமலே கேட்டார்.

"ஏன் கூட்டணும்?" என்றார் பெரியதுரை.

மாரியாயி அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓர் அடி முன்னால் வந்தார். குரல் வெல்லமாக இருந்தது.

"எங்களுக்கும் கூட்டுவீங்களா ஐயா?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. துரை நேராகப் போய்த் தராசைக் கையால் திருப்பினார். அதில் ஒன்றுமே தொங்கவில்லை. முள் பூச்சியத்துக்குக் கீழே சுகமாகப் படுத்திருந்தது. அவர் அதையே வெகுநேரம் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம்.

மார்ச் 26, வியாழன்

புதுத் தராசு வரும்வரை தொழிற்சாலைத் தராசில் நிறுக்கிறார்கள். கணக்கப்பிள்ளையைக் கீழ்ப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேயும் ஒரு தராசு இருக்கிறது. அந்தப் பிரிவுப் பெண்களுக்குச் சந்தனமேரி ஆள் அனுப்பியிருக்கிறாள். பிள்ளை உண்டா என்று விசாரித்தாளாம்.

போன மாதங்களின் கிலோவுக்கு என்ன வழி என்று பெரியதுரையிடம் கேட்டோம். "பழசைப் பேசவேணாம்" என்றார். பேசுவோம் என்றார் மாரியாயி அக்கா. சங்கத் தலைவர் வந்து, பழைய தராசோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

கொக்கி கிடைத்துவிட்டது. வடிகானுக்குள் கிடந்ததாம். சந்தனமேரி தன் கொண்டையை அவிழ்த்து முடிந்துகொண்டே சொன்னாள். கொக்கிக்காக இன்று வந்த குமாரி மிஸ் அதை வாங்கி, ஒட்டியிருந்த ஒரு நீள முடியை எடுத்துக் கீழே போட்டார். எனக்கு மட்டும் இன்னொரு அட்டை இரும்புச்சத்து மாத்திரை தந்தார்.

மார்ச் 30, திங்கள்

புதுத் தராசு வந்துவிட்டது. அதன் முகம் எங்கள் பக்கம். அப்படி மாட்டாவிட்டால் கூடையை இறக்க மாட்டோம் என்று காலையிலேயே எல்லோரும் சொல்லிவிட்டோம். முதல் கூடை ஏறியபோது சந்தனமேரி "பொலி!" என்றாள். நானும் கூவினேன், "பொலியோ பொலி!" எதிர்மலையில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.

பின்னேரம் என் முறை. முள்ளை நானே பார்த்தேன். மூன்று நிறுவையும் சேர்த்துப் பதினேழரை.

மறுபடி பார்த்தேன். பதினேழரைதான். அரைக் கிலோ குறைவு, அரைப் பேர்.

மாரியாயி அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கு அப்படி இல்லை. பால் கொடுத்துவிட்டு உடனே கிளம்பாமல் மிதுவின் புதுப் பல்லைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன், அந்த அரைக் கிலோதான் இது. யாரும் எடுத்ததில்லை, நானே விட்டது.

"நீ சிரிப்ப" என்றாள் சந்தனமேரி. "அரைக் கிலோ கொறஞ்சா அரைக் கிலோவுக்குக் கழிக்கட்டும். அரைநாளக் கழிக்கிறது எந்த ஊரு நாயம்? புள்ளைக்கிப் பால் குடுக்கப் போன நேரத்துக்கும் சேத்துல்ல அரைப் பேராக்குறாங்க?"

நான் சிரிப்பதை நிறுத்தினேன். அவள் மிதுவைத் தூக்கி, கையில் ஒருதரம் நிறுத்துப் பார்த்தாள். அந்தக் கண்ணில் அந்த வெளிச்சத்தை நான் ஏற்கெனவே ஒருதரம் பார்த்திருக்கிறேன்.

"டீச்சரு, அடுத்த கிளினிக்கு எப்ப?"

மிது ஒருதரம் இருமினாள். ஒரேயொரு தரம்தான். விளக்கை அணைக்கிறேன். நாளைக்குப் பதினெட்டு எடுக்க வேண்டும்.